உள்ளே வளர்ந்த ஊசி

“உங்க வீட்டுக்காரர் பாட்டரி ஸ்கூட்டரை எந்த சார்ஜர்ல போட்டார்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. ஃபைலை இன்னிக்கே முடிச்சிடலாம்” என்றார் விசாரணை அதிகாரி. தாளில் ‘மனைவி’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

தீக்காயப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் அவள் கணவன் கிடந்தான். உடம்பெல்லாம் கட்டு, வாயில் குழாய். இரண்டு நாளாக அவள் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

“ஸ்கூட்டரோட வந்த சார்ஜர்தான் சார்.”

“கம்பெனிக்காரங்க வேற மாதிரி சொல்றாங்க. கண்ட சார்ஜரையும் மாட்டினதாலதான் பத்திக்கிச்சாம். மாடி வீட்டுக்காரர் புகையில மூச்சு முட்டி இறந்துட்டார். கேஸ் இவர் மேலதான் வரும்.”

“தப்பான சார்ஜர்னா பாட்டரி மெதுவா சூடாகி, முதல்ல வீங்கும். இது பட்டுனு பிடிச்சது. உள்ளே லித்தியம் ஊசி மாதிரி வளர்ந்து, நடுவுல இருக்கிற தடுப்பைக் குத்தியிருக்கு.”

அதிகாரி நிமிர்ந்தார். பாவம், எங்கேயோ தேடிப் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

“அந்த ஊசி வளரக் கூடாதுன்னுதானே புதுசா ஒரு திரவம் ஊத்தியிருக்காங்க? லித்தியம் மேல தோல் மாதிரி படிஞ்சு காப்பாத்துமாமே.”

“படியும். வேகமா சார்ஜ் ஏத்தினா அந்தத் தோல் வெடிச்சிடும். திரவத்துல கரைக்கிற லித்தியம் உப்பைக் கூட்டிப் போட்டிருந்தா தாங்கியிருக்கும். ஆனா திரவம் கெட்டியாயிடும், சார்ஜ் ஏற நேரமாகும். அதனால குறைச்சாச்சு.”

அவர் பெருமூச்சு விட்டு, ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார்.

“ஆய்வுக்கூடத்து அறிக்கைம்மா. அந்தத் திரவத்தோட ஐந்நூறு பாட்டரி செல்லை ஓட்டிப் பார்த்திருக்காங்க. ஒண்ணுகூட எரியலை. கோர்ட்ல இதுக்கு எதிரா உங்க பேச்சு எடுபடாது.”

அவள் தாளைக் கையில் வாங்கவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “ரத்த அழுத்தம் இறங்கிட்டே போகுது. பார்க்கறதுன்னா இப்பவே வந்து பார்த்துடுங்க.”

அவள் எழுந்தாள். கதவு வரை போனவள் அங்கேயே நின்றாள்.

“மூணு எரிஞ்சது சார்.”

“என்னது?”

“ஐந்நூறுல மூணு. செல் செஞ்சதுல ஏதோ கோளாறுன்னு நினைச்சு கணக்குல சேர்க்கலை.”

“அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அந்த அறிக்கையில கீழே இருக்கிற கையெழுத்து என்னோடது.”