டிவியின் கண்

பராமரிப்பு இல்லத்தின் மாடி அறையில் மதிய வெயில் கட்டிலின் கால்மாட்டோடு நின்றுவிடுகிறது. ஏணியில் நிற்கும் மெக்கானிக், சுவரோரமாக இழுத்து வந்த ஒயரின் நுனியிலுள்ள பட்டாணி அளவுக் குமிழை, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் டிவியின் கண்மேல் ஒட்டுகிறார். வேறு ரிமோட் எதுவும் குழப்பக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு டேப்பையும் அழுத்தி ஒட்டுகிறார். இனி எல்லா அறை டிவியும் கீழே ஆபீசிலிருந்துதான் இயங்கும். கட்டிலில் கிடப்பவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. வாதம் வந்து வாயும் முகமும் இழுத்துக்கொண்ட பிறகு அவருக்கு மிச்சம் வலது கட்டைவிரலும் ஒரு ரிமோட்டும்தான். சத்தத்தைக் கூட்டினால், கூடவே தங்கியிருக்கும் மனைவி வர வேண்டும். குறைத்தால் ஒன்றுமில்லை, போகலாம். இப்போது உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. கட்டைவிரல் அழுத்துகிறது. டிவி அசைந்து கொடுக்கவில்லை. மெக்கானிக் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், கீழே ஆபீசுக்குப் போனில் சொல்கிறார்: "ஒட்டியாச்சு சார், சத்தத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க." டிவி அலறுகிறது. வராந்தாவின் கோடியில் துணி அலசிக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு ஓடி வருகிறாள். "இதோ வந்துட்டேங்க! ஊரையே கூட்டணுமா? என்ன, தண்ணி வேணுமா?" அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை; பதில் வரும் இடத்தை, டிவியைப் பார்க்கிறாள். சத்தம் படிப்படியாக இறங்கி அடங்குகிறது. "ஒண்ணுமில்லையா? என்னை ஓட வைக்கிறதே உங்களுக்கு வேலையாப் போச்சு." சிரித்தபடி துணிக்குத் திரும்புகிறாள். போர்வையின்மேல் கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறது, நகம் வெளுக்க வெளுக்க.