கிழிந்த சீட்டும் புது முதுகும்

ரிட்டயர் ஆக இரண்டே மாதம் இருந்த டிரைவர் உலகநாதனுக்கு, முதுகெலும்பில் தேய்ந்த டிஸ்க்கைத் திரும்ப வளர்க்கும் ஸ்டெம் செல் ஊசியை டெப்போவில் இலவசமாகப் போட்டார்கள். ஒரே வாரத்தில் மனுஷன் தானே குனிந்து செருப்பு வாரை மாட்டினார். அவர் மனைவி செண்பகவல்லிக்குத்தான் மனசு உறுத்தியது.

“பஸ்ல நீங்க உக்கார்ற கிழிஞ்ச சீட்டை மாத்தச் சொல்லி மூணு வருஷமா கேக்குறீங்க. அதையே செய்யாதவங்க, வீட்டுக்குப் போற ஆளுக்கு எதுக்குங்க புது முதுகு குடுக்குறாங்க?”

“நல்லது நடந்தாலும் உனக்குச் சந்தேகம்தான்” என்று அவர் சிரித்தார்.

ரிட்டயர் ஆகும் டிரைவரின் கடைசி டிரிப்பில் மனைவியையும் ஏற்றிப்போவது அந்த டெப்போ வழக்கம். உலகநாதனின் கடைசி டிரிப் அன்று செண்பகவல்லி பட்டுப்புடவை கட்டி, பையில் மாலையோடு வந்திருந்தாள். மேனேஜர் ஒரு ஸ்கேனை எடுத்து நீட்டினார்.

“புது ரூல் அண்ணே. இனிமே ஆளோட வயசைப் பாக்கறதில்ல, முதுகெலும்போட வயசைத்தான் பாக்கணுமாம். உங்களுக்கு இருபத்தாறு. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் முப்பத்திநாலு வருஷம் இருக்கு.”

உலகநாதன் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். செண்பகவல்லி மாலையை வெளியே எடுக்கவில்லை. உலகநாதன் மெல்ல ஏறி, புது முதுகை அந்தக் கிழிந்த சீட்டிலேயே சாய்த்தார்.