நானூறு நத்தைகள்

"இருபது நத்தை பிடிச்சீங்க. அதுல ஒண்ணுலகூடவா பொட்டு இல்லை?"

உயிரியல் டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

பாடம் ஒன்றும் பிரமாதமில்லை. பள்ளித் தோட்டத்து நத்தைகளை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. அதனால் ஒரு பாத்தியில் இருபதைப் பிடித்து, ஓட்டில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்து விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி இருபதைப் பிடிக்க வேண்டும். அதில் நாலு பொட்டு இருந்தால், பாத்தியில் மொத்தம் நூறு நத்தை. பொட்டு குறையக் குறைய மொத்தம் கூடும்.

மூன்றாவது பாத்திக்காரர்களுக்கு ஒரே ஒரு பொட்டுதான் கிடைத்தது. ஆக, நானூறு. டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

அடுத்து நாலாவது பாத்தி. அதற்குத் தலைவி, வாய்ப்பூட்டு. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று வகுப்பு வைத்த பேர்.

"பொட்டே வைக்கலை. தோட்டத்துல உக்காந்து கதையடிச்சிருக்கீங்க. அதானே?"

"வெச்சோம் மிஸ்."

"அப்ப எங்க போச்சு?"

வாய்ப்பூட்டு நோட்டை நீட்டினாள். அப்போதுதான் டீச்சர் கண்ணில் பட்டது, அவள் நக இடுக்கெல்லாம் சிவப்பு.

"ஓகோ. நத்தைக்கு வாங்கிக் குடுத்தது இங்க இருக்கா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு நோட்டை மறுபடியும் நீட்டினாள்.

"அதெல்லாம் பாத்துக் கையெழுத்துப் போட்டாச்சு. வெச்சுட்டுப் போ."

குழுவுக்கே பூஜ்யம். செய்முறைக்கு உள்ளதே பத்து மார்க்தான். கூட இருந்த மூன்று பெண்களும் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள்.

"எனக்கு மட்டும் போடுங்க மிஸ். அவங்களுக்கு இதுல சம்பந்தமில்லை."

தானே ஒத்துக்கொண்டாகிவிட்டது, இன்னும் என்ன விசாரணை என்று டீச்சர் அவளுக்கு மட்டும் பூஜ்யத்தைப் போட்டு, புத்தகத்தை மூடிவிட்டாள்.

பள்ளி விட்டதும் அந்த நானூறு நத்தைப் பாத்தியைப் படமெடுத்துத் தலைமையாசிரியையிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று டீச்சர் செல்போனோடு தோட்டத்துக்குப் போனாள். குழாயடிக் கல்லைச் சுற்றித் தோட்டக்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. நத்தைக்குச் சிவப்பு அடிக்கச் சொன்னது யாரு?"

முறத்தைக் காட்டினார். நொறுங்கிய ஓடுகள். அத்தனையிலும் சிவப்பு.

மண்ணோடு மண்ணாகக் கண்ணில் படாமல் கிடந்த பிராணிகள். பொட்டு வைத்த மறுநாளிலிருந்தே காக்காய்களுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. தூக்கிவந்து இந்தக் கல்லில் போட்டு உடைத்துத் தின்றிருக்கின்றன. மூன்றாவது பாத்தியில்தான் நல்ல வேட்டை என்றார் அவர்.

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. பொட்டு கிடைக்காமல் போனது நத்தை பெருகியதால் இல்லை. பொட்டு வைத்ததெல்லாம் காக்காய் வயிற்றில். வகுப்பையே கைதட்டவைத்தது இதற்குத்தான்.

பொட்டு வெளியே தெரியாதபடி வைக்க வேண்டும் என்று பாடத்திலேயே ஒரு வரி உண்டு. படத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த வரியைத் தாண்டிப் போனது அவளேதான்.

"நாலாவது பாத்தி மட்டும் தப்பிச்சுது. ஒரு பொண்ணு தினம் இன்டர்வெல்ல வந்து, ஒவ்வொண்ணா தேடியெடுத்து நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்துச்சு. ஒத்தையில கஷ்டப்படறியே, டீச்சர்கிட்ட சொல்லேம்மான்னேன். சொல்லியாச்சுன்னுச்சு."

சொன்னாளா? எப்போது? வாயே திறக்காத பெண் எங்கே சொல்லியிருக்கப் போகிறாள், தோட்டக்காரரிடம் சும்மா அளந்திருப்பாள். பொய்யாகவே இருக்கட்டும் என்று டீச்சர் ஒரு கணம் ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்டதே அவளுக்குக் கூசியது.

விறுவிறுவென்று ஆசிரியர் அறைக்குப் போய், நோட்டுக் கட்டிலிருந்து அந்தப் பெண்ணின் நோட்டை உருவினாள். போன செவ்வாய்க்கிழமைப் பக்கம்.

'மிஸ், பொட்டு வைத்த நத்தைகளைக் காக்காய் கொத்துகிறது. எங்கள் பாத்தியில் நான் அழித்துவிடுகிறேன். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.'

அதற்குக் கீழே, செவ்வாய்க்கிழமை தேதியிட்டு டீச்சரின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு டிக். 'மிக நன்று.'