ஊதாத பாரிடோன்

பாண்டு மாஸ்டர் தேவசகாயம் காலையிலேயே சவரிராயனைக் கழித்துக்கட்டிவிட்டார். "வே, மேல ட்ரம்பெட் பாடுது, கீழ டிரம்மு இடிக்குது. நடுவுல ஒம்ம பாரிடோன் உறுமுறது எவன் காதுல விழுது? இன்னையோட போதும்."

யார் சொன்னாலும் லேசில் நம்புகிற ஆள் இல்லை சவரிராயன். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று, சவ ஊர்வலத்தில் அந்தப் பித்தளைக் குழலின் ஊதுவாயில் உதட்டை வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, காற்றே விடாமல் நடந்தார். பத்தடி போயிற்று. ஒருத்தரும் திரும்பவில்லை. மாஸ்டர் சொன்னது நிஜம்தானோ என்று இன்னும் நாலடி ஊதாமலே வைத்தார். அதற்குள் பெட்டி தூக்கிய ஆறு பேரில் ஒருவன் காலை மாற்றி வைத்தான். பின்னால் வந்தவன் அவன் குதிகாலை மிதித்தான். பெட்டி ஒருபக்கமாகச் சரிய, பெண்கள் அலறினார்கள்.

"எந்த எழவெடுத்தவன்லே தாளத்த விட்டது?" என்று முன்னால் தூக்கியவன் கத்தினான்.

மாஸ்டர் நேரே போய் டிரம்காரன் மரியதாஸின் சட்டையைப் பிடித்தார். "குடிச்சிட்டு வந்தியாலே? டிரம்மக் கழத்திட்டு வீட்டுக்குப் போ!"

"ஒழுங்காத்தான் அடிச்சேன் மாஸ்டர், மாதா சத்தியமா!"

நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னால், தன் ஊதல் அத்தனை பேர் காலிலும் இருந்தது ருசுவாகிவிடும். செத்தவரைக் கீழே தள்ளப் பார்த்த பாவி என்ற பேரும் கூடவே வரும். சவரிராயன் உப்பிய கன்னத்தை இறக்கவில்லை. மரியதாஸ் தோள்வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஆறு பேரும் பெட்டியைச் சுமந்தபடி, இடது காலைத் தூக்கி, எதற்கோ காத்து நின்றார்கள்.