அதிபர் போட்ட ஓட்டை

வெண்டல் வீட்டு ஜன்னலைப் பார்த்ததும் வீட்டுத் தரகர் ட்ரூடிக்குப் பகீரென்றது. பாலைவனத்துக்கு ஓய்வெடுக்க வந்த அமெரிக்க அதிபர் ஒருவரின் கோல்ஃப் பந்து ஓட்டை போட்ட ஜன்னல் அது. அந்த ஓட்டைக்காகவே வீட்டை வாங்குகிறவர்கள், இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள்.

"ஐயோ, ஓட்டை எங்கேங்க?"

"உடைஞ்ச கண்ணாடியோட வீட்டைக் குடுத்தா மரியாதையா இருக்குமா? காலையிலதான் புதுசு மாத்தினேன்."

"போச்சு! நாப்பது வருஷமா ஊரே வந்து தொட்டுப் பார்த்த சரித்திரத்தைத் தொலைச்சிட்டீங்களே!"

வெண்டல் மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் புல்வெளிக்கு நடந்தார்.

"பதறாதேம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு. போன தடவை எங்கே நின்னு அடிச்சேன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."