இடது பக்க ஸ்டீயரிங்

"இசாவா சான், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இடது பக்கம் ஸ்டீயரிங் இருக்கிற வண்டியா வேணும்?"

நொகாமிக்கு நம்ப முடியவில்லை. நுமாசு கடற்கரைச் சாலையில் பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கும் அவருக்கு, வாடிக்கையாளர் மனசு இப்படிப் பிடிபடாமல் போனதே இல்லை. கடை வாசலில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ஜெர்மன் கார்கள் நின்றன. வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்தது புதுசு, அதிகம் ஓடாதது, விலையும் குறைவு. இடது பக்கம் வைத்தது பழசு, விலையோ கூடுதல். ஜப்பான் சாலைக்கு வலதுதான் வசதி. இருந்தும் இசாவாவின் கை பழைய வண்டியின் கூரையை விட்டு எழவில்லை.

"இதுதான்," என்றார் இசாவா.

"பாத்தீங்களா இந்தக் கூத்தை?" அவர் மனைவி மிதோரி நொகாமியிடம் முறையிட்டாள். "அறுபது முடிஞ்சா எல்லார் வீட்டுலயும், மறுபடி குழந்தையாயிட்டார்னு ஒரு சிவப்புச் சட்டை மாட்டிவிட்டு போட்டோ எடுப்பாங்க. இந்தக் குழந்தைக்குச் சிவப்புக் கார் வேணுமாம். அதுவும் ஊரே திரும்பிப் பாக்கணும்னு இடது பக்கம்!"

நொகாமிக்கு எதையும் விளக்கிச் சொன்னால்தான் திருப்தி. காரின் வலது கதவருகே போய் நின்றார்.

"இப்ப இதுதான் பார்க்கிங் வாசல்னு வெச்சுக்குங்க. டிக்கெட் மெஷின் இங்கே, வலது பக்கம். நீங்க அந்தக் கோடியில. கை எட்டாது. தனியா போனா இறங்கி, வண்டியைச் சுத்தி ஓடி வந்து, டிக்கெட்டை உருவிட்டு, திரும்ப ஓடிப்போய் ஏறணும். முன்னால லாரி போகுதா? எதிர்ல என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. இந்த சீட்ல இருக்கிறவங்கதான் எட்டிப் பாத்துச் சொல்லணும்."

"நான் என்ன இவருக்குக் கண்டக்டரா?" என்றாள் மிதோரி. "பந்தா காட்டத்தான் வண்டின்னா தனியா போய்க் காட்டட்டும். நான் ஏற மாட்டேன்."

அவள் தேநீர் ஊற்றிக்கொள்ள உள்ளே போனதும் இசாவா பெருமூச்சு விட்டார்.

"அவ வரணும், நொகாமி சான். அதுக்குத்தான் வண்டியே. ரெண்டு வருஷமா என்கூட எங்கேயும் கிளம்பறதில்ல. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல தகர டப்பா மாதிரி ஒரு குட்டிக் கார் வெச்சிருந்தேன். நான் வேலை பாத்த காகித ஆலையில லீவு விட்டா இஸு கடற்கரைப் பக்கம் போயிடுவோம். வழி முழுக்க ஆரஞ்சு உரிச்சு என் வாயில திணிச்சுக்கிட்டே பேசுவா. கடைப் பலகை ஒண்ணு விடாம படிப்பா. எதிர்ல வர்ற டிரைவர் மூஞ்சியைப் பாத்து, அவன் பெண்டாட்டிகிட்ட என்ன திட்டு வாங்கியிருப்பான்னு கதை கட்டுவா. சிரிச்சுச் சிரிச்சு ஒருநாள் திரும்ப வேண்டிய இடத்தையே விட்டுட்டேன். பெட்ரோல் தீந்தாலும் தீரும், இவ பேச்சு தீராது."

நொகாமிக்குக் குழப்பம் இன்னும் கூடியது. மனைவி வர வேண்டும் என்கிறார். அவள் வெறுக்கும் வண்டியைத்தான் கேட்கிறார்!

"ரெண்டையும் ஓட்டிப் பாத்துடுங்க. அம்மாவும் வரட்டும்," என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி மிதோரியை ஏற்றினார்கள். முதலில் புது வண்டி. பெயருக்கு இருந்த பின்சீட்டில் நொகாமி முழங்கால் மோவாயை இடிக்கச் சுருண்டு உட்கார்ந்தார். எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால் உறுமியது. இந்த ரக வண்டிக்கு எஞ்சின் பின்புறம்தான்.

சாலை கடலோரம் வளைந்தது. இடது சீட்டில் இருந்த மிதோரியின் முகம் சற்றே மலர்ந்தது.

"அதோ, நாம கருவாடு வாங்குற கடை. புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க."

இசாவா சாலையைப் பார்த்தபடி ஓட்டினார்.

"கருவாட்டுக் கடைங்க. ஞாபகம் இருக்கா?"

பதில் இல்லை. மிதோரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்துக்கிட்டீங்களா, நொகாமி சான்? ரெண்டு வருஷமா இதே கதைதான். வீட்டுல ஒழுங்கா பேசுற மனுஷன், வண்டியில ஏறினா நான் ஒருத்தி இருக்கிறதே மறந்துபோகுது. சுவரோட உட்கார்ந்து போறதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

அடுத்து பழைய வண்டி. "இதுதான் கடைசி," என்று சொல்லிவிட்டு வலது சீட்டில் ஏறினாள் மிதோரி. அதே சாலை, அதே உறுமல். இந்த முறை அவள் பேசவே இல்லை. வெகு தூரம் போனபின் ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"துணிக்கடை பொம்மை பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு."

"துணிக்கடை பொம்மைக்கு இவ்வளவு தொப்பை இருக்காதே," என்றார் இசாவா.

மிதோரி விருட்டென்று திரும்பினாள். நம்பாமல், இன்னும் மெல்லிய குரலில், "தொப்பை மட்டுமா? தலையில முடிதான் இருக்கா?" என்றாள்.

"ஏன், காதுக்கு மேல கொஞ்சம் இருக்கே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அவள் வாய் ஓயவில்லை. எதிரே வந்த மீன் லாரி டிரைவருக்கு ஒரு மாமியாரை ஏற்படுத்தி, அவளோடு சண்டையும் மூட்டிவிட்டாள். இசாவா குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் வண்டி சற்றே ஆடியது. பின்சீட்டில் நொகாமி தன் முழங்கால் வலியையே மறந்துபோனார்.

கடலைப் பார்த்த இடத்தில் வண்டி நின்றது. மிதோரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாள் இந்த வாயை எங்கேங்க வெச்சிருந்தீங்க? அந்த வண்டியில இல்லாதது இதுல அப்படி என்ன இருக்கு?"

இசாவா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு இடது காது கேக்காமப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, மிதோரி. நீ பயந்துடுவேன்னு சொல்லல. வீட்டுல நான் பக்கம் மாறி உட்கார்ந்து சமாளிச்சுட்டேன், கார்ல அது முடியல. இந்த வண்டியிலதான் நீ என் வலது பக்கம் உட்காருவே."