ஹர்பன்ஸின் கைவேலை

"இது யார் தச்சதுன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் கிடைக்கல" என்றார் உதயசூரியன்.

நிக்கோபார் தீவின் கேம்பல் பே அலுவலகத்து ஊழியர் அவர். கையில் கிழிந்த காக்கிச் சட்டைத் துண்டு. அதன் பையில் ஒரு கைக்குட்டை. ஆற்று முகத்துவாரத்தில், கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் கிடந்ததாம். முதலை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கிழிசலைப் பார்த்தாலே தெரிந்தது.

படகில் போனவர்கள் இரண்டே பேர். ருக்குவின் கணவன் நாகமுத்து. பக்கத்து வீட்டு ஹர்பன்ஸ் கௌரின் கணவர் கர்த்தார் சிங். இருவருமே பட்டாளத்தை விட்டு, இந்தத் தீவில் சர்க்கார் கொடுத்த நிலத்துக்கு வந்தவர்கள். இருவருக்கும் ஒரே மாதிரி காக்கிச் சட்டை. போய் ஐந்து நாளாகிறது.

ருக்கு கட்டிலிலிருந்து எழப் பார்த்தாள்.

"படும்மா!" என்று அதட்டினார் கம்பவுண்டர் பன்னீர்செல்வம். "எட்டு மாசம். பிரஷர் ஏறிக் கிடக்கு. ரெண்டு தடவை கலைஞ்சது போதாதா? ஏன்யா, இவகிட்டயா இதைக் கொண்டு வருவே?"

"நான் என்ன சார் பண்ண? சாயந்தரம் வயர்லெஸ்ல பேர் போகணுங்கறார் சாப்."

ருக்கு கைக்குட்டையை வாங்கினாள். சேற்றுக்கு அடியில் ஆரஞ்சுப் பட்டு நூலில் ஒரு பூ. கட்டம் கட்டமாக, நெருக்கமாக. பஞ்சாபிப் பெண்களின் புல்காரித் தையல்.

ருக்கு தைப்பது வேறு. பென்சிலால் கொடி வரைந்து, அதன்மேல் சங்கிலித் தையல், மூலையில் 'நா' என்று ஓர் எழுத்து. ஹர்பன்ஸ் எதையும் வரைய மாட்டாள். துணியைத் திருப்பிப் போட்டு, இழை எண்ணி, பின்பக்கமிருந்தே குத்துவாள். பூ மறுபக்கம் பூக்கும்.

"பூவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே தைக்கிறீங்களே அக்கா" என்று ருக்கு போன மாதம்கூடக் கேலி செய்தாள்.

"உனக்குப் பென்சில் தொலைஞ்சா பூவே கிடையாது, போ" என்றாள் ஹர்பன்ஸ், தீவின் இந்தியில்.

இப்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னோடது இல்ல" என்றாள் ருக்கு. சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குப்பென்று எழுந்தது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹர்பன்ஸ் கைக்குட்டையை வாங்கிப் புரட்டினாள். பின்பக்கத்து இழைகளை விரலால் தடவினாள். பிறகு ருக்குவைப் பார்த்தாள்.

"என் கைவேலைதான்" என்றாள்.

உதயசூரியன் தாளில் கர்த்தார் சிங் என்று எழுதிக்கொண்டு, தலை நிமிராமல் போனார். ஹர்பன்ஸ் வாசல் கட்டையில் கையை ஓங்கி அடித்தாள். கண்ணாடி வளையல் சிதறியது.

"அழுதுடுங்க அக்கா."

"நான் அழுதா உன் வயித்துல இருக்கறது பயப்படும், பாபி." அண்ணி என்பதை இந்தியில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வெள்ளைத் துப்பட்டா. மழை நாட்கள் முழுக்க ருக்குவின் அடுப்படியிலேயே கிடந்தாள். கஞ்சி வைத்தாள், கால் பிடித்துவிட்டாள். கணவனை இழந்தவள் தனக்குச் சேவகம் செய்வது ருக்குவுக்குக் கூசியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அவர் காட்டுக்குள்ள எங்கயாவது தப்பிச்சு இருப்பார், இல்லக்கா?"

"முதல்ல சாப்பிடு."

"வந்துடுவார்தானே?"

"கஞ்சி ஆறுது பார்."

மூன்றாம் வாரம் பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, உரக்க அழுதுகொண்டு. பன்னீர்செல்வமே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அவர் குடையைக்கூட மறந்து, மழையில் ஓடி வந்தார். "ருக்கு! மேற்குக் கரை நிக்கோபாரிங்க ஒரு ஆளைக் காப்பாத்தி வச்சிருந்தாங்களாம். இத்தனை நாளும் காய்ச்சலாம், நினைவே இல்லையாம். லாஞ்ச் படகுல கொண்டு வராங்க!"

"பேர் சொன்னாங்களா?"

"வயர்லெஸ் ஒரே இரைச்சல். படகுல போன ஆள், உயிரோட இருக்கான்னு மட்டும் கேட்டுது. பேர் எதுக்கும்மா? இன்னும் யாரு பாக்கி?"

ஹர்பன்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை நாளில் அதுதான் முதல் அழுகை. தன் புருஷன் வரமாட்டானே என்று அழுகிறாள் என நினைத்தாள் ருக்கு. ஆறுதல் சொல்ல நேரமில்லை. முகம் கழுவி, பெரிதாகக் குங்குமம் வைத்து, கல்யாணப் புடவையைச் சுற்றிக்கொண்டாள்.

"ஓடாதே பாபி. குழந்தையை நான் தூக்கிக்கறேன்" என்று பின்னாலேயே வந்தாள் ஹர்பன்ஸ்.

ஜெட்டியில் ஊரே கூடியிருந்தது. யாரோ ருக்குவுக்கு முன்னால் வழி விட்டார்கள். லாஞ்ச் வந்து மோதி நின்றது. இரண்டு பேர் கைத்தாங்கலாக ஒருவரை இறக்கினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார். நெஞ்சு வரை தாடி. தலையில் அழுக்குத் துணியாலான தலைப்பாகை.

வழி விட்டவர்கள் ருக்குவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கர்த்தார் சிங் மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினார். ஹர்பன்ஸ் அவரிடம் போகவில்லை. குழந்தையைப் பன்னீர்செல்வத்திடம் கொடுத்துவிட்டு, சரியத் தொடங்கிய ருக்குவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் ஒரே மாதிரி ரெண்டு கைக்குட்டை தச்சேன் பாபி. ஒண்ணு இவருக்கு. இன்னொண்ணு... கிளம்பின அன்னிக்கு ராக்கி. நீ படுத்திருந்தே. படகடியில வச்சு உன் வீட்டுக்காரர் கையில ராக்கி கட்டி, அவர் சட்டைப் பையில நான்தான் வச்சேன்."